ஒரு 'ஆ'வுக்கு எத்தனை அர்த்தம்: சத்யஜித் ரேயின் டஜன் கதைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

1970இல் சத்யஜித் ரேயின் படங்கள் இரண்டு வெளிவந்தன. காட்டுக்குச் சுற்றுலா போகும் நான்கு கல்கத்தா இளைஞர்களைப் பற்றிய 'ஆரண்யேர் தின் ராத்ரி' ஒன்று, வேலை தேடி அலையும் ஒருவனைப் பற்றிய 'பிரதித்வந்தி' மற்றொன்று. அதே ஆண்டு அவருடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் வந்தது. பெயர் 'ஏக் டஜன் கப்போ', அதாவது ஒரு டஜன் கதைகள். படங்களைப் பற்றி உலகம் முழுக்க எழுதினார்கள். புத்தகத்தை வங்காளப் பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள். வங்காளத்துக்கு வெளியே அதற்கு வெகுகாலம் கிடைத்த மரியாதை, 'பெரிய டைரக்டர் ஓய்வு நேரத்தில் குழந்தைகளுக்கு எழுதியது' என்ற அளவில்தான்.

அந்த மதிப்பீடு தவறு என்பது என் கருத்து. இந்தக் கதைகளில் சிரிப்பு இருக்கிறது, சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஏதோ முள் தைத்தது போலவும் இருக்கிறது. பேய், வேற்றுக்கிரகவாசி, மனிதனைத் தின்னும் செடி எல்லாம் வருகின்றன. ஆனால் பயம் அவற்றிலிருந்து வருவதில்லை. கதைக்குக் கதை திரும்பத் திரும்ப வருவது அவமானம். சின்ன மனிதன் ஒருவனை நாலு பேர் மத்தியில் ஒருவர் சிறுமைப்படுத்துகிறார். அதற்கு அவன் என்ன செய்தான், அல்லது அவனுக்காக விதி என்ன செய்தது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ரே முப்பது ஆண்டுகள் எழுதியிருக்கிறார்.

ஆய்வுக்கு முதல் தொகுப்பை மட்டும் எடுத்தால் போதாது. அதன் பிறகு 'ஆரோ ஏக் டஜன்' (இன்னும் ஒரு டஜன்), 'ஆரோ பாரோ' (இன்னும் பன்னிரண்டு), 'ஏபாரோ பாரோ' (இந்தத் தடவையும் பன்னிரண்டு) என்று வரிசையாக வந்தன. ஒன்றுக்கு 'ஏகேர் பிட்டே துய்' என்று பெயர். ஒன்றின் முதுகில் இரண்டு என்று பொருள், அதாவது 12. இவை அத்தனையையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு, நாலைந்து கதைகளை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கிறேன்.

கதை எழுத வந்த கதை

ரே கதை எழுத வந்ததற்குக் காரணம் ஒரு பத்திரிகை. அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி 1913இல் 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் மாத இதழைத் தொடங்கினார். வங்காளத்தில் சந்தேஷ் என்றால் பாலில் செய்யும் இனிப்பு, செய்தி என்றும் அர்த்தம். உபேந்திரகிஷோர் அச்சுக்கலையில் பெரிய நிபுணர். படங்களை அச்சில் கொண்டுவரும் நுட்பத்தில் ஆராய்ச்சி செய்தவர். கார்பார் ரோட்டில் வீடும் அச்சகமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அவர் 1915இல் காலமானதும் மகன் சுகுமார் ரே இதழை நடத்தினார். வங்காள மொழியில் அர்த்தமில்லாப் பாட்டுகளுக்கு அரசர் என்றால் சுகுமார்தான். கருங்காய்ச்சல் என்கிற காலா அஜார் நோய் அவரை 1923இல் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 35, மகன் சத்யஜித்துக்கு இரண்டேகால். அவருடைய புகழ்பெற்ற பாட்டுத் தொகுப்பு 'ஆபோல் தாபோல்' அவர் போன சில நாட்களில்தான் புத்தகமாக வந்தது.

சில ஆண்டுகளில் அச்சகம் கைவிட்டுப் போனது, வீடும் போனது. தாயும் மகனும் பவானிப்பூரில் மாமா வீட்டுக்குக் குடிபோனார்கள். இந்தக் குழந்தைப் பருவத்தை ரே எங்கும் புலம்பலாக எழுதியதில்லை. ஆனால் அவர் கதைகளில் வேலை போனவர்களும், வாடகை வீட்டுக்காரர்களும், ஒரு காலத்தில் நன்றாக இருந்தவர்களும் ஏன் இவ்வளவு பேர் என்று கேட்டால், எனக்கு அந்த வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

1961இல், தன் 40ஆவது வயதில், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து ரே சந்தேஷை மீண்டும் தொடங்கினார். மாதாமாதம் பக்கம் நிரப்ப வேண்டும். பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். ஆசிரியரே எழுத உட்கார்ந்தார். முதலில் விஞ்ஞானி ஷோங்கு வந்தார், 1965இல் துப்பறியும் ஃபெலுதா வந்தார். நடுநடுவே இந்தத் தனிக்கதைகள். எல்லாவற்றுக்கும் படம் வரைந்ததும் அவரே.

கிட்டத்தில் ஒரு கதை: பட்டோல் பாபு

'பட்டோல் பாபு, ஃபிலிம் ஸ்டார்' கதையில் கதாநாயகருக்கு வயது 52. குள்ளம், தலையில் வழுக்கை. இயற்பெயர் சீதளகாந்த ராய், ஆனால் ஊர் கூப்பிடுவது பட்டோல் பாபு என்று. பட்டோல் என்றால் கோவைக்காய் ஜாடையில் இருக்கும் ஒரு காய். இளவயதில் மேடையில் நடித்தவர், பேர் போட்டு நோட்டீஸ் அடிக்கும் அளவுக்கு நடித்தவர். கல்கத்தா கம்பெனியில் வேலை கிடைத்து வந்தார், அதுவும் போயிற்று. இப்போது மளிகைக்குப் பை தூக்கிக்கொண்டு போகும் வாழ்க்கை.

ஒருநாள் சினிமாக்காரர் ஒருவர் தேடி வருகிறார். குள்ளமாக, வழுக்கையாக, நடுவயதில் ஓர் ஆள் வேண்டுமாம். கவனமில்லாமல் தெருவில் நடந்துபோகும் ஒருவர் மேல் படத்தின் ஹீரோ மோத வேண்டும், அதுதான் காட்சி. பட்டோல் பாபுவுக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் காலையில் ஃபாரடே ஹவுஸ் கட்டடத்துக்கு எதிரே படப்பிடிப்பு. போகிறார், காத்திருக்கிறார், தன் வசனம் என்ன என்று கேட்கிறார். கேட்கக் கேட்க ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டுகிறார். கடைசியில் ஓர் உதவியாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுக்கிறார். பிரித்துப் பார்த்தால் ஒரே எழுத்து: 'ஆ!'

இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. யாரும் அவரைத் திட்டவில்லை, வேண்டுமென்று கேலி செய்யவும் இல்லை. அவர்களுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் வெயிலில் நிற்கும் அந்த மனிதருக்குத் தலை சுற்றுகிறது. இதற்காகவா ராத்திரி முழுக்க விழித்திருந்தோம் என்று தோன்றுகிறது. பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

அப்போது அவருக்குத் தன் நாடக குரு ககன் பக்ராஷி சொன்னது நினைவுக்கு வருகிறது. எந்த வேஷமும் சின்ன வேஷம் இல்லை. வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் மரத்தில் தொங்கும் கனி, பார்க்க வந்தவர்களுக்கு அது எட்டாது, பறித்து உரித்துச் சாற்றைக் கொடுப்பது நடிகன் வேலை. பட்டோல் பாபு ஓர் ஆள் நடமாட்டமில்லாத சந்துக்குள் போகிறார். அங்கே ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் முன்னால் நின்று 'ஆ' சொல்லிப் பார்க்கிறார். கிள்ளினால் வரும் 'ஆ' வேறு, வெயில் நேரத்தில் ஒரு வாய் குளிர்ந்த சர்பத் குடித்தால் வரும் 'ஆ' வேறு. துக்கத்துக்கு ஒன்று, இளக்காரத்துக்கு ஒன்று. இழுத்துச் சொன்னால் ஒரு மாதிரி, வெட்டிச் சொன்னால் ஒரு மாதிரி. சொல்லச் சொல்ல அந்த ஓரெழுத்துக்குள் ஒரு தங்கச் சுரங்கம் திறக்கிறது.

ரே இந்தக் கதையைப் பின்னால் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அந்த எழுத்து 'ஓ' ஆகிவிட்டது. எனக்கு அதில் திருப்தி இல்லை. வங்காளத்தில் அது 'ஆ', பக்கத்தில் இரண்டு புள்ளி, மூச்சு வெளியே தள்ளும் ஓசை. தமிழில் படிக்கிறவர்களுக்கு அது அப்படியே கிடைக்கும். நமக்கும் வலித்தால் 'ஆ', வாய் பிளந்தாலும் 'ஆ'தான்.

காட்சி எடுக்கும்போது பட்டோல் பாபு தானாகவே ஒரு யோசனை சொல்கிறார்: கையில் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டே வந்தால் மோதல் இயல்பாக இருக்குமே? டைரக்டர் ஒத்துக்கொள்கிறார். மோதல் நடக்கிறது. எரிச்சல் எத்தனை பங்கு, வியப்பு எத்தனை பங்கு, வலி எத்தனை பங்கு என்று வைத்தியர் மருந்து கலப்பது போலக் கலந்து அவர் அந்த 'ஆ'வைச் சொல்கிறார். ஒரே டேக்கில் ஓகே. பிறகு வெற்றிலைக் கடைப் பக்கம் ஒதுங்கி நிற்கிறார். இன்று செய்தது நல்ல வேலை என்று அவருக்குத் தெரியும். ஆனால் இங்கே இருக்கும் யாருக்காவது அது தெரியுமா? அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார்கள். கூலி வரும், சொற்பக் காசு. காசு அவருக்குத் தேவைதான். ஆனாலும்... கூட்டிவந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கும்போது பட்டோல் பாபு அங்கே இல்லை.

இது ஒரு சினிமாக்காரர் எழுதிய கதை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கும் கூட்டத்தில் ரேயும் ஒருவர். அவர் நிஜத்தில் நடந்துகொண்ட விதம் வேறாக இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. 'பதேர் பாஞ்சாலி'யில் கிழவி இந்திராக நடித்த சுனிபாலா தேவி, ஒரு காலத்தில் மேடையில் நடித்து, பிறகு உலகம் மறந்துபோன நடிகை. சுமார் 80 வயதில் ரே அவரைத் தேடிக் கண்டுபிடித்து நடிக்க வைத்தார். படம் 1955இல் திரைக்கு வருமுன் அவர் காலமாகிவிட்டார். பட்டோல் பாபுவை எழுதும்போது அந்தப் பாட்டி ரேயின் மனதில் இருந்தாரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மறக்கப்பட்ட மேடைக் கலைஞர்களின் தொழில் கர்வம் எப்படிப்பட்டது என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

பழிவாங்கும் கதை: விபின் சௌதுரி

பட்டோல் பாபு அவமானத்தைத் தன் தொழிலில் கரைத்தார். எல்லோருக்கும் அது வாய்க்காது. 'விபின் சௌதுரியின் ஞாபகமறதி' கதையில் அவமானப்பட்டவன் கதை முழுக்கத் திரைக்குப் பின்னால் நிற்கிறான்.

விபின் சௌதுரி பெரிய கம்பெனியில் நல்ல பதவியில் இருப்பவர். தனிமை விரும்பி. நியூ மார்க்கெட்டில் காளிசரணின் கடையில் துப்பறியும் நாவல்களும் பேய்க்கதைகளும் அள்ளிக்கொண்டு போவது அவர் வழக்கம். ஒரு நாள் அங்கே முன்பின் தெரியாத ஒருவர் சிரித்துக்கொண்டே வருகிறார். 'என்ன சார், அடையாளம் தெரியவில்லையா? 1958இல் ராஞ்சியில் தினமும் பார்த்துக்கொண்டோமே!' விபின் பாபு ராஞ்சிக்குப் போனதே இல்லை. ஆனால் அந்த ஆளுக்கு எல்லாம் தெரிகிறது: மனைவி இறந்தது, பிள்ளைகள் இல்லாதது, ராஞ்சியில் முழங்காலில் அடிபட்டது. விபின் பாபு வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். முழங்காலில் தழும்பு இருக்கத்தான் செய்கிறது. அது எப்படி வந்தது?

இதற்குப் பிறகு ரே செய்வது ஒரு கைதேர்ந்த சித்திரவதை. விபின் பாபு ஒரு நண்பருக்குப் போன் செய்கிறார். அவரும் 'நீ போனாயே' என்கிறார். நடுவில் சுனிலால் என்று ஒரு பழைய சிநேகிதன் வருகிறான். கஷ்ட ஜீவனம். ஏற்கெனவே வேலை கேட்டு வந்து வெறுங்கையோடு போனவன். விபின் பாபு அவனிடம் ராஞ்சியைப் பற்றிக் கேட்கிறார். உனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தானே என்கிறான் சுனிலால். தீர்ந்தது. விபின் பாபுவுக்குத் தன் மூளை மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. டாக்டரிடம் ஓடுகிறார். கடைசியில் ராஞ்சிக்கே போய், ஹுட்ரு அருவிப் பக்கம் மயங்கி விழுந்து திரும்பி வருகிறார். அதன் பிறகு ஒரு கடிதம் வருகிறது, சுனிலாலிடமிருந்து. எல்லாம் அவன் ஏற்பாடு. கஷ்டத்தில் வந்து நின்ற சிநேகிதனைக் கைகழுவியதற்குத் தண்டனை.

முதல் தடவை படிக்கும்போது நாம் விபின் பாபுவோடு சேர்ந்து பயப்படுகிறோம். சுனிலால் வரும் இடத்தில், 'இந்த நேரத்தில் இவன் வேறு வந்து தொந்தரவு செய்கிறானே' என்று நாமும் அலுத்துக்கொள்கிறோம். அதாவது விபின் பாபு செய்த அதே தப்பை நாமும் செய்திருக்கிறோம். கடிதம் வரும்போது அது நம் பேருக்கும் வந்தது போலத்தான் இருக்கிறது. கதையின் ஆதாரம் முழுவதும் நம் கண்ணெதிரே கிடந்தது. பார்க்காமல் போனதற்குக் காரணம், கந்தலாக வந்த ஆளை நாம் ஓர் ஆளாக மதிக்கவில்லை என்பதுதான்.

சிரித்த நாய்

என் கணக்கில் இந்த டஜன்களிலேயே சிறந்த கதை 'அசமஞ்ச பாபுவின் நாய்'. ரொம்ப எளிய கதை. அசமஞ்ச பாபு தபால் ஆபீஸ் குமாஸ்தா. பவானிப்பூரில் தனியாக வாழ்கிறார். வெகுநாள் ஆசைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்குகிறார், விலை ஏழரை ரூபாய். பழுப்பு நிறம் என்பதால் பிரௌனி என்று பெயர். ஒரு நாள் அவர் உட்கார்ந்த பழைய நாற்காலி உடைந்து கீழே விழுகிறார். குட்டி சிரிக்கிறது. நிஜமாகவே சிரிக்கிறது. இன்னொரு நாள் காற்றில் குடை மடங்கித் திரும்பிக்கொள்கிறது, அப்போதும் சிரிக்கிறது. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் சிரிக்கும் நாய் அது.

செய்தி பரவுகிறது, பத்திரிகைக்காரர் வருகிறார். கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பணக்காரர் வந்து நிற்கிறார். நாயை வாங்கிக்கொள்கிறேன், இருபதாயிரம் டாலர் என்று செக் புத்தகத்தை எடுக்கிறார். அந்த நேரத்தில் பிரௌனி சிரிக்கிறது. இதுவரை சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி சிரிக்கிறது. ஏன் சிரிக்கிறது என்று அவர் கேட்கிறார். அசமஞ்ச பாபு சாந்தமாகப் பதில் சொல்கிறார்: காசு கொடுத்தால் எதையும் வாங்கிவிடலாம் என்று துரை நினைக்கிறார், அதனால்தான் சிரிக்கிறது. அமெரிக்கர் இவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிக் கிளம்புகிறார்.

இந்தக் கதையில் இருட்டு எங்கே என்று கேட்கலாம். ஏழரை ரூபாய்க்கும் இருபதாயிரம் டாலருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு தபால் குமாஸ்தாவின் வாழ்நாள் சம்பளத்தை மேஜைமேல் வைத்து, உன் வீட்டில் இருக்கும் ஒரே உறவை எனக்குக் கொடு என்று ஒருவர் கேட்கிறார். அது அவமானம் என்பது கேட்டவருக்கே தெரியாது. அசமஞ்ச பாபுவுக்குக்கூட அந்தக் கணத்தில் தெரிந்ததா என்பது சந்தேகம். நாய்க்குத் தெரிந்துவிட்டது.

மற்றவை, வேகமாக

'பங்கு பாபுவின் நண்பர்' கதையில் கிராமத்துப் பள்ளி வாத்தியார் பங்கு பாபுவை, வக்கீல் ஸ்ரீபதி வீட்டுச் சாயங்கால அரட்டைக் கூட்டம் நாள் தவறாமல் கேலி செய்கிறது. ஒரு ராத்திரி மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகத்து ஆங் வந்து இறங்குகிறார். அவர் வாத்தியாருக்கு வட துருவத்தைக் காட்டுகிறார், பிரேசில் காட்டையும் காட்டுகிறார். அதைவிடப் பெரிய உதவி, இவ்வளவு தூரம் பயந்து வாழ வேண்டியதில்லை என்று புரிய வைக்கிறார். பங்கு பாபு நேரே அரட்டைக்குப் போய் ஒவ்வொருவருக்கும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். கதையில் உச்சம் விண்கலம் இறங்குவது இல்லை, இதுதான்.

இந்தக் கதையின் வித்திலிருந்துதான் 1967இல் 'தி ஏலியன்' என்ற திரைக்கதை வளர்ந்தது. வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்கும் கதை. கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வழியாக, அவருடைய நண்பர் மைக் வில்சன் இதை ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனார். பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகப் பேச்சு நடந்தது. ஆனால் திரைக்கதைப் பிரதியில் தன் பெயரோடு வில்சன் பெயரும் உரிமையாளராக இருப்பதை ரே பார்க்க நேர்ந்தது. படம் நடக்கவே இல்லை. பங்கு பாபுவை எழுதியவருக்கே அந்த மாதிரி ஓர் அரட்டைக் கூட்டம் ஹாலிவுட்டில் அமைந்தது வருத்தமான விஷயம்.

'ககம்' கதையில் சிரிப்பு சீக்கிரமே வறண்டுபோகிறது. பரத்பூர் காட்டில் இம்லி பாபா என்கிற புளியமரத்துச் சாமியார் பால்கிஷன் என்ற ராஜநாகத்தைப் பால் ஊற்றி வளர்க்கிறார். சாமியார்களைக் கண்டாலே இளக்காரம் செய்யும் தூர்ஜடி பாபு அந்தப் பாம்பைக் கல்லால் அடித்துக் கொன்றுவிடுகிறார். பாபா சாபக் கூச்சல் எதுவும் போடவில்லை. ஒரு பால்கிஷன் போனால் இன்னொரு பால்கிஷன் வருவான் என்கிறார். ராத்திரி தூர்ஜடி பாபுவின் தோலில் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கின்றன. மகாபாரதத்தில் ககமர் என்ற ரிஷி, விளையாட்டாகப் பயமுறுத்திய நண்பனைப் பாம்பாகும்படி சபித்த கதை உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. 'ரத்தன் பாபுவும் அந்த ஆளும்' கதையில், தன்னைப் போலவே அச்சு அசலாக இருக்கும் ஒருவரைச் சந்தித்த மனிதர் இரண்டே நாளில் அவரை வெறுக்கத் தொடங்குகிறார். ரயில் பாலத்தில் என்ன நடக்கிறது என்பதைப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

கை எங்கிருந்து வந்தது

அப்பா சுகுமாரிடமிருந்து வந்தது, உலகம் தலைகீழாகப் போனாலும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் சொல்லும் கலை. நாய் சிரிக்கிறது என்பதை ரே, தபால்காரர் வந்தார் என்பது போல எழுதுகிறார். இன்னொரு பக்கம் பரசுராம் என்ற பெயரில் எழுதிய ராஜசேகர் பாசு. வங்காள நையாண்டியில் அவர் பெரிய ஆள். ரே அவருடைய கதைகளை 1958இல் 'பரஷ் பாத்தர்' என்றும் 1965இல் 'மகாபுருஷ்' என்றும் படமாக்கினார். 'பரஷ் பாத்தர்' படத்தில் இரும்பைத் தங்கமாக்கும் கல் கிடைத்த குமாஸ்தாவாக துளசி சக்ரவர்த்தி நடித்தார். அந்த உருண்டைக் கண்களையும் வழுக்கைத் தலையையும் பார்த்தவர்களுக்குப் பட்டோல் பாபு எப்படி இருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சினிமா. ரே தன் திரைக்கதைகளைக் கடைக்காரர்கள் கணக்கு எழுதும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடுகளில் படம் வரைந்து எழுதி வைப்பார். கதைகளிலும் அந்தக் கணக்குப்பிள்ளைச் சிக்கனம் இருக்கிறது. ஆளின் வயது, வேலை, தெருப் பெயர் முதல் பத்தியிலேயே வந்துவிடும். வர்ணனை குறைவு. ஒரு பொருள் வந்தால் அது பின்னால் வேலை செய்யும்: முழங்கால் தழும்பு, மடங்கிய குடை, துண்டுக் காகிதம். முடிவில் ஒரு வரிகூடக் கூடுதலாக இருக்காது. கூலிப் பணத்தோடு வந்தவர் வெறும் இடத்தைப் பார்த்து நிற்கிறார், கதை அங்கே வெட்டு.

'பிரதித்வந்தி'யின் நேர்முகத் தேர்வுக் காட்சியை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். கடந்த பத்தாண்டில் நடந்த மிகப் பெரிய நிகழ்வு எது என்று கேட்கிறார்கள். சித்தார்த்தன் வியட்நாம் போர் என்கிறான். மனிதன் நிலவில் இறங்கியது இல்லையா? அவன் தன் காரணத்தைச் சொல்கிறான், அந்தச் சாதாரண மக்களின் மனோதிடத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை என்கிறான். நீ கம்யூனிஸ்டா என்று அடுத்த கேள்வி. வேலை போயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒருவன். ஸ்ரீபதி வக்கீல் வீட்டுத் திண்ணையில் பங்கு பாபு உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான். படத்தில் சித்தார்த்தனுக்கு உதவ விண்கலம் வராது. பிள்ளைகளுக்கு எழுதும்போது மட்டும் ரே அந்த உதவியை அனுமதித்தார்.

குறைகள்

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை, இந்தக் கதைகளில் பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. பெண்களை மையமாக வைத்து 'மகாநகர்', 'சாருலதா' படங்களை எடுத்தவர் என்பதை நினைத்தால் நம்பவே கஷ்டமாக இருக்கிறது. பட்டோல் பாபுவின் மனைவி போல எப்போதாவது ஒருவர் வாசல் வரை வந்து இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவே. குழந்தைகள் பத்திரிகை என்பதால் காதலும் குடும்பமும் வேண்டாம் என்று ஒதுக்கினார் என்று சமாதானம் சொல்வார்கள். காதலை ஒதுக்கலாம். அவமானம் பெண்களுக்குத் தெரியாத விஷயமா? சுனிலாலின் இடத்தில் ஒரு விதவை அத்தை இருந்திருந்தால் அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

இன்னொன்று, நூலாகச் சேர்த்துப் படித்தால் தனிக்கட்டை ஆண், திடீர் அந்நியர், கடைசிப் பக்கத் திருப்பம் என்ற அச்சு தெரிந்துவிடுகிறது. மாதம் ஒன்றாகப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நாளுக்கு ஒன்று என்று படிப்பதே நல்லது.

இன்னொருவர் கையில்

2021இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தக் கதைகளில் நான்கை 'ரே' என்ற பெயரில் இந்தியில் எடுத்தது. விபின் சௌதுரியின் கதையை ஸ்ரீஜித் முகர்ஜி எடுத்தார். புத்தகக் கடைக்காரரிடம் பேய்க்கதை வாங்கும் சாதுவான அதிகாரி, படத்தில் எதையும் மறக்காத இளம் தொழிலதிபராகிவிட்டார். அவர் செய்த பாவமும் பெரிதாகிவிட்டது, தண்டனையும் பெரிதாகிவிட்டது. பளபளப்பாக இருக்கிறது. ஆனால் கதையின் முள் போய்விட்டது. விபின் பாபு செய்தது நாம் எல்லோரும் வாரம் ஒருமுறை செய்வது: ஏதாவது இருந்தால் சொல்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது. அதற்கு இந்தத் தண்டனையா என்று திடுக்கிட வைத்ததில்தான் ரேயின் கதை இருந்தது.

அபிஷேக் சௌபே எடுத்தது எனக்குப் பிடித்தது. மூலம் 'பாரின் பௌமிக்கின் வியாதி'. புகழ்பெற்ற பாடகர் பாரின் பௌமிக் கச்சேரிக்காக தில்லிக்கு ரயில் ஏறுகிறார். எதிரே இருக்கும் பயணியை எங்கோ பார்த்த ஞாபகம். நினைவு வந்ததும் வியர்த்துவிடுகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் இதே ஆளோடு ரயிலில் போனபோது அவருடைய சுவிஸ் கடிகாரத்தைத் திருடியவர் இவர். பணத்துக்காக இல்லை. பார்த்ததை எடுக்காமல் இருக்க முடியாத ஒரு வியாதி அப்போது அவருக்கு இருந்தது. இப்போது குணமாகிவிட்டது, ஆனால் அந்தக் கடிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

படத்தில் மனோஜ் பாஜ்பாய் கஜல் பாடகராகவும் கஜராஜ் ராவ் எதிர் இருக்கைக்காரராகவும் வருகிறார்கள். மொழி மாறியிருக்கிறது, கதையை நீட்டியும் இருக்கிறார்கள். ஆனாலும் அடிநாதம் மாறவில்லை. ஒரு பெட்டி, இரண்டு பேர், நடுவில் ஒரு டீ கிளாஸ். எதிராளி சிரித்துக்கொண்டே கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பாடகரின் மனிதத்தன்மை ஒரு அங்குலம் சுருங்குகிறது. பாட்டுக்கு லட்சம் பேர் கை தட்டியவர், ஒரு பழைய கடிகாரத்துக்காகப் பள்ளிக்கூடப் பையன் போல எச்சில் விழுங்குகிறார்.

ரேயின் கதையில் அவர் எப்படியோ அதைத் திருப்பி வைத்துவிடுகிறார். மனசு லேசாகிவிடுகிறது. ஒன்பது வருஷத்து பாரம் இறங்கிவிட்டது. அப்புறம் தன் சாமான்களைப் பார்த்தால், அவருடைய சிகரெட் டின்னைக் காணோம்.